கடந்த ஏழு நாட்களில்

ஐப்பசியில் முதல் தடவை போனேன்.
கோட்டூருக்குத் தெற்கே வாய்க்கால்கரைத் தெரு,
மாதிரியில் விழுந்த வீடுகளில் ஏழாவது.
டேப்லெட்டுக்கு மழை ஆகாதென்று
பாலித்தீன் உறை போட்டிருந்தேன்.
எனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

"கடந்த ஏழு நாளில்
ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?"
தூக்கத்திலும் கேட்கிறேனாம்,
வீட்டுக்காரர் சொல்கிறார்.

தையல்நாயகி சிரித்துவிட்டார்.
"ஒரு மணி நேரம் பாத்தா வேலைன்னா
ஒரு பருக்கை தின்னா சாப்பாடாம்மா?"

அதற்குக் கட்டம் இல்லை.
செவ்வாய் அரை நாள் களையெடுப்பு.
புதன் மழை. வியாழன் மழை.
வெள்ளி, அண்ணன் வயலில்
நாற்று கரைந்த இடத்தில் சும்மா நட்டுக் கொடுத்தது.
ஐம்பத்தொன்று என்று குறித்தேன்: தினக்கூலி.

மகன் கவியரசன், டிப்ளமோ மெக்கானிக்கல்,
முதல் நாள் எதிர்வீட்டில்
என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்திருக்கிறான்.
நான் கேட்குமுன்பே சொன்னான்:
"எண்பத்தொண்ணு."
வேலை தேடுபவர்.

கார்த்திகையில் தெருவே தொடக்கப்பள்ளியில் இருந்தது.
இரண்டாம் வகுப்பு வாசலில்
உப்புமாத் தட்டோடு நின்றபடி பதில் சொன்னார்கள்.
அப்பா இளையபெருமாள், யாரோ ஒருவர் வயலில்
மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்,
நானூறு ரூபாய், இரண்டு டீ.
கவியரசன் ஒரகடம் போய் வந்திருந்தான்.
கூப்பிடுகிறோம் என்றார்களாம்.
எண்பத்தொன்று.

மார்கழியில் பயிர் தானாக நிற்கும்.
ஆளுக்கு வேலை இல்லை,
எலிக்குத்தான் இருக்கிறது.
"கிட்டி வைக்கிறது வேலையில சேருமா?"
"கூலி உண்டா?"
"ஒரு எலிக்கு முப்பது."
சேரும் என்றேன். இளையபெருமாளுக்கு ஒரே சந்தோஷம்,
ஏதோ நானே கொடுத்தமாதிரி.

"இந்த வாரம் வேலை தேடினீங்களா, தம்பி?"
"இல்ல."
"கிடைச்சா போவீங்களா?"

மின்விசிறியைப் பார்த்தான்.
அது ஓடவில்லை.
"போகமாட்டேன்."

இன்னொரு தடவை கேட்கலாம் என்று விதியில் இருக்கிறது.
கேட்டேன்.
அதையே சொன்னான், இந்தத் தடவை மெதுவாக.
தொண்ணூற்றேழு: மற்றவை.
அம்மா அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து
"என்னம்மா எழுதின?" என்றார்.
"வயசு" என்று பொய் சொன்னேன்.

பொங்கல் கழிந்து
மன்னார்குடி பேருந்து நிலையக் கடையில்
டிவி சொன்னது:
மாநிலத்தில் வேலையில்லாதோர் விகிதம்
புள்ளி இரண்டு குறைந்திருக்கிறது.
"பரவால்லையே" என்று மாஸ்டர் டீயை உயர்த்தி ஆற்றினார்.
அந்தப் புள்ளிக்குள் ஒருவனை எனக்குத் தெரியும்.
வேலை கிடைத்து இறங்கவில்லை அவன்.
தேடுவதை நிறுத்தினான்,
எண்ணிக்கையிலிருந்து கழன்றான்,
விகிதம் இறங்கியது.
கணக்கில் ஒரு தப்பும் இல்லை.
ஒன்பது ரூபாய்க்குச் சில்லறை தேடிக்கொண்டு
பேசாமல் இருந்தேன்.

நான்காவது, கடைசித் தடவை. தை.
ஆத்தூர் மிஷின் இறங்கியிருக்கிறது.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்
இந்தியில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள்.
மிஷினுக்குப் பின்னால்
தையல்நாயகி சிந்திய நெல்லை
முறத்தில் கூட்டுகிறார். அது வேறு எண்.

மிஷின் மேலே, டிரைவருக்குப் பக்கத்தில்,
புருவமெல்லாம் தூசியோடு கவியரசன்.
பெல்ட் அறுந்தால் மாற்றுவதற்கு ஆள் வேண்டுமாம்.
ராத்திரியும் அறுப்பு. ஏழு நாளில் தொண்ணூறு மணி.
"அக்கா! இப்ப நான் என்ன நம்பர்?"

சொன்னேன். சத்தத்தில் கேட்கவில்லை.
"எத்தன நாளைக்கு?" என்று விரலால் கேட்டேன்.
வயலின் மறுகரையைக் காட்டினான்.

எனக்கு மார்ச் முப்பத்தொன்று வரை ஆர்டர்.

சிக்னல் இல்லை.
மதகின் ஷட்டர்மேல் ஏறி
டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்து நிற்கிறேன்.
ஒரு கோடு வருகிறது, போகிறது.
ஏழாவது வீடு
இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.