நாலு காசு

விண்ணப்பத்தின் பதினான்காம் கேள்வி:
ஈடாகத் தரும் நிலம் எது?

பிபியானே பேனாவை மூடினாள்.
"இங்கே நிலம் யாருக்கும் சொந்தமில்லை.
வீடு கட்டலாம், விற்கலாம்.
வீட்டுக்கு அடியில் கிடக்கும் பாறையை
எவரும் எழுதி வாங்க முடியாது."

ஹெல்சிங்கியில் அச்சடித்த படிவம்.
அந்தக் கட்டம் ஒரு விரல் அகலம்.
வங்கியின் ஆள் நான்;
"பொருந்தாது" என்று
பொடி எழுத்தில் நிரப்பினேன்.

கேட்கும் கடன் பெரிதில்லை.
மலைக்குப் பின்னால் ஓர் ஏரி,
அதிலிருந்து இறங்க ஒரு குழாய்,
ஒரு சுழலி, பதினோரு கிலோமீட்டர் கம்பி.
முப்பது ஆண்டு.
முதல் ஐந்தாண்டுக்கு வட்டி மட்டும்,
அசலைத் தொடமாட்டோம்.

இன்றைக்கு இந்த ஊரின் வெளிச்சம்
பீப்பாயில் வருகிறது.
ஜூலையில் ஒரு கப்பல், செப்டம்பரில் ஒரு கப்பல்,
பிறகு கடல் மூடிக்கொள்ளும்.

டீசல் கொட்டகையில் நோவாசன்.
இருபத்திரண்டு வருடமாக எஞ்சின் பக்கத்து அறையில் படுக்கை.
இரைச்சல் நின்றால்தான் விழிப்பு வரும் அவனுக்கு.
"தண்ணீர் சத்தம் போடுமா?" என்றான்.
மலைக்கு அந்தப் பக்கம் போடும், ஊருக்குள் கேட்காது என்றேன்.
"அப்புறம் எப்படித் தூங்குவது?"

ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பிரிவைக் காட்டினேன்:
பழைய எஞ்சினை விற்கக் கூடாது,
மாதம் ஒருமுறை நாள் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும்.
"ஆக மாதம் ஒரு ராத்திரி" என்றான்,
சிரிக்காமல்.

ஆற்றில் ஏறும் மீனுக்கு
இவ்வளவு தண்ணீர் விடுவோம் என்று ஒரு பக்கம்.
வேட்டைக்காரர் சங்கத்தில் அதற்கு மூன்று மணி நேரம்,
இரண்டு கெட்டில் காப்பி.
இவ்வளவு என்ற இடத்தில் எண்ணை அடித்து
மேலே வேறு எண் எழுதினார்கள்.
அதுவே சரியான எண் என்று
பிற்பாடு எங்கள் நீரியலாளரும் சொன்னார்.

அவர் வரைந்த கோடுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.
ஏரிக்கு வரும் நீர் பதினைந்து ஆண்டு ஏறுகிறது,
அப்புறம் புள்ளி புள்ளியாகப் போகிறது.
பனிமலை உருகுகிறது, அதனால் ஏறுகிறது.
பனிமலை சிறுத்துப்போகும், அதனால் புள்ளிகள்.
கரியைக் குறைக்கத் தரும் பணம் இது.
திரும்பி வருவதோ
உருகுவதிலிருந்து.
அறிக்கையில் இதற்குத் தலைப்பு: சாதகமான நீர்வரத்து.
தலைப்பு வைத்தவன் நான்.

இன்னொரு கட்டம், மக்கள்தொகைக் கணிப்பு.
கடைசித் தவணையின்போது எத்தனை பேர் இருப்பார்கள்?
பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது பிள்ளைகள்.
போன இலையுதிர்காலத்தில் நான்கு குடும்பம் நூக்குக்குப் போயிற்று.
இன்றைய தொகை இருநூற்றுப் பதினான்கு.
பிபியானே எழுதியது: இருநூற்றுப் பதினான்கு.
கணிப்பு முறையைக் கேட்டிருக்க வேண்டும்,
கேட்கவில்லை.

கடைசி நாள்,
தவணை அட்டவணையை வரிவரியாக விரலால் பிடித்து வந்தவள்
ஐம்பதாம் வரியில் நின்றாள்.
மீதி பூஜ்யம் என்றிருக்க வேண்டிய இடத்தில்
நாலு காசு.

கணினி எண்களை வெட்டி ஒட்டும்போது
சிந்தியது அது.
அந்தக் காசு நாணயமாகக்கூட இல்லை,
எப்போதோ அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"முப்பது வருஷம் கழித்து
இதை வாங்க யார் வருவார்கள்?"

எனக்கு ஓய்வு அதற்கு வெகுமுன்பே.
அவளுக்கு எழுபத்தெட்டு நடந்துகொண்டிருக்கும்.
திருத்தி அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.
ஜன்னலுக்கு வெளியே மேகம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதென்று பார்த்தாள்.

"யார் வந்தாலும்
செவ்வாய்க்கிழமை ஹெலிகாப்டரில் வரச் சொல்லுங்கள்.
வியாழக்கிழமை வண்டி
பாதி நாள் இறங்காது."

செவ்வாய் என்று
ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.