மலையைப் பார்த்த அறை

கடலைப் பார்த்த அறைக்கு
ஓர் இரவுக்கு நாற்பது டொலர் கூட.
மலையைப் பார்த்த அறை மலிவு.
சில நாட்களில் புகை ஜன்னல்வரை வருமாம்,
கந்தக வாடை துவாயில் ஏறுமாம்.
எழுதியிருக்கிறார்கள், மறைக்கவில்லை.

"கடல் வேண்டாம்" என்றேன்.
வெள்ளவத்தையில், ஆறாம் மாடியில்,
இருபது வருசமாகக் கடலைத்தான் பார்க்கிறேன்.
அது என் பூட்டுகளைத் தின்றது,
மின்விசிறியைத் தின்றது,
முதல் கலியாணத்து அல்பத்தின் பக்கங்களை
இனிப் பிரிக்கவே முடியாதபடி ஒட்டிவைத்தது.
அதற்கு மட்டும் நன்றி.

நிமலரூபன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்
திரையில் மலையைப் பெரிதாக்குகிறார்.
வயது நாற்பத்தொன்பது.
அவருடைய முதல் தேனிலவு நுவரெலியாவில்.
மூன்று நாளும் மழை, அவளுக்கு இருமல்.
இதற்குமேல் அவர் சொன்னதில்லை,
நான் கேட்டதில்லை.
எனக்கு அதுவும் இல்லை.
அந்த வாரம் பாதை பூட்டு.
பிறகு அந்த மனுசன் லண்டன் போனது,
பிறகு தொலைபேசி,
பிறகு அதுவும் ஓய்ந்தது.

தேனிலவு என்ற சொல்லை
இந்த வீட்டில் இருவரும் சொல்வதில்லை.
"அந்தப் பயணம்" என்கிறோம்,
ஆஸ்பத்திரிக்குப் போவதைப் போல.
கனடாவிலிருக்கும் மச்சாள் மட்டும்
வட்ஸ்அப்பில் மூன்று தேனீக்கள் அனுப்பினாள்.

ஏழு பத்து ரயில் பாணந்துறைக்குப் போகிறது.
அலுமாரிக் கண்ணாடி கிண்ணென்கிறது,
தேத்தண்ணியில் வட்டம் விழுகிறது.
"எரிமலையும் இப்பிடித்தானோ?"
"இது மருதானையில இருந்து வருது.
இதுக்கு நேரம் தெரியும்."
அவர் சிரிக்கும்போது
கீழ்வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரிகிறது.
சம்மதம் சொன்ன நாளிலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கரையில் மணல் கறுப்பு.
மத்தியானத்தில் வெறுங்கால் வைக்கேலாது.
புறக்கோட்டையில் ஒரே நிறத்தில்
இரண்டு சோடி றப்பர்ச் செருப்பு வாங்கினோம்.
"அண்ணனும் தங்கச்சியுமா?" என்றான் கடைப் பெடியன்.
ஓமென்று தலையாட்டி
ஐம்பது ரூபா குறைத்துவிட்டார் இந்த மனிதர்.
பஸ்ஸில் நான் பேசவில்லை.
அவரும் பேசவில்லை.
இறங்கும்போது தெகிவளை.

பம்பலப்பிட்டியில் றிஸ்மியின் கந்தோர்.
குளிரூட்டி என் முழங்காலைக் குறிவைக்கிறது.
மலைக்கு இப்போது மஞ்சள் எச்சரிக்கை, என்கிறார்.
செம்மஞ்சளானால் தீவைப் பூட்டுவார்கள்,
பாதிக் காசுதான் திரும்பும்.
"எல்லாரும் மாலைதீவுக்குத்தான் போற.
நம்ம பாஸ்போட்டுக்கு அங்க
பேங்க் கணக்கே ஆறு மாசத்துக்குக் கேப்பாங்க."
ஆறு மாதத்தை மேசையில் வைக்கிறோம்.
அதில் புதுக்கட்டில் வாங்கிய நாள் தெரிகிறது.
பழைய கட்டில்கள் இரண்டையும்
விற்ற நாளும்.

விண்ணப்பத்தில் ஒன்பதாம் பக்கம்:
அவசரமென்றால் யாருக்கு அறிவிப்பது?
என் பெயரை அவர் எழுதினார்.
அவர் பெயரை நான் எழுதினேன்.
றிஸ்மி இரண்டையும் வெட்டினார்.
"கூடப் போறவங்களப் போடேலா.
இங்க நிக்கிற ஓராள்."

இங்கே நிற்கிற ஓராள்.
அக்கா ஒஸ்லோ. தம்பி ஸ்காபரோ.
அவருடைய அண்ணர் மெல்பேண், பேச்சில்லை.
காலி வீதியில் ஒரு நூற்றியொன்று போகிறது,
அடுத்த நூற்றியொன்றும் போகிறது.
றிஸ்மி பேனையை மூடித் திறந்து மூடுகிறார்.

அன்றிரவு வாசல் காவலர் சுமணபாலவிடம் கேட்டோம்,
என் அரைச் சிங்களத்தில்.
அவர் கதிரையை விட்டு எழுந்து நின்று
பெயரை முழுதாய் எழுதித் தந்தார்,
தகப்பன் பெயரும் ஊரும் சேர்த்து.
போன் வந்தால் எடுப்பாராம்.
இங்கிலீசில் கதைத்தால்
ஓம் ஓம் என்றுவிட்டு வைத்துவிடுவாராம்.
மலை தூரமா, என்று கேட்டார்.
அறையிலிருந்தே தெரியும், என்றோம்.
கொஞ்சம் யோசித்தார்.
"கதவுப் பக்கமாகப் படுங்கள்" என்றார்.
"இரண்டு பேரும்."