பெருக்காதே

எனக்கு முன்னால் நாற்பத்து மூன்று டிரெய்லர்கள்.
எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை. வலப்பக்கம் கடல்
இருட்டில் கல்லை அறைந்துகொண்டிருக்கிறது.
கேபினுக்குள் கொசுவத்தி,
டிபன் பாக்ஸில் பாதி எலுமிச்சைச் சோறு.
மணி ஒன்றரை. அங்கே ஒன்பது என்று
விரல் மடக்காமல் சொல்ல வந்துவிட்டது
ஐந்தே நாளில்.

எப்சிபா வீடியோவில் வந்தாள்.
முகம் மட்டும்.
வலது கை திரைக்கு வெளியே எங்கோ இருந்தது.

மணலியில் வால்வு சோதிக்கிறவள்.
முடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும்
தூக்கி ஓரம் வைத்துவிடுவாள்.
அவளைத்தான் கம்பெனி அனுப்பியது,
பதினோரு நாள் பயிற்சி, சுவிஸுக்கு.

கிளம்பும் முன் தெருவே உஷார் சொன்னது.
பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டு.
ஒத்தையில் மலையேறாதே.
அயர்ன் கடை தேவராஜு மட்டும்
“அங்க பிக்பாக்கெட்டே கெடையாதாம்மே,
ஓட்டல் பில்லே அந்த வேலைய பாத்துக்குமாம்” என்றார்.
நான் சொன்னது ஒன்றே ஒன்று:
விலை பார்த்தால் ரெண்டு சைபர் சேத்துக்கோ,
நம்ம ரூபாய் வந்துடும்.

“கைய காட்டு.”
“ஒண்ணுமில்ல.”
“காட்டு எப்சி.”

மணிக்கட்டு இட்லி மாதிரி உப்பியிருந்தது.

ரயிலடியில் டீக்கடைப் பலகையாம்.
ஆறரை என்று போட்டிருந்ததாம்.
ரெண்டு சைபர் சேர்த்தாளாம். அறுநூற்றைம்பது.
நம் வேணு கடையில் அதற்கு எத்தனை டீ என்று
நடந்தபடியே வகுத்தாளாம்.
ஐம்பத்து நாலாவது டீயில்
கால் வழுக்கிவிட்டது.

“ஐஸுன்னே தெர்ல. ஈரத்தர மாதிரி இருந்துச்சு.
காசிமேட்டு மீன்தண்ணில நடக்காத காலாய்யா இது?”

விழுந்தது நேற்று.
யாரிடமும் சொல்லவில்லை.
டாக்டருக்கு எவ்வளவு ஆகும் என்று
அதையும் பெருக்கிப் பார்த்திருக்கிறாள்.
பிறகு ஜன்னல் விளிம்பில் கிடந்த பனியை அள்ளி
கைமேல் வைத்துக்கொண்டாளாம்.
“அது ஒண்ணுதான் இங்க சும்மா கெடைக்குது.”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
என் இடது காலில் ரெண்டு விரல் கோணல்.
யார்டில் இரும்புத்தடி விழுந்த அன்று
ஒரு நாள் கூலி போகுமே என்று
மூன்று நாள் ஷூவுக்குள்ளேயே வைத்திருந்தேன்.
நான்காம் நாள் சாக்ஸைக் கத்தரித்து எடுத்தவள் அவள்.

வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தது.
கியர் போட்டேன். நின்றேன்.

“நீலக் கவர்ல இன்சூரன்ஸ் பேப்பர் இருக்கு. எடு.
பக்கத்து ரூம்ல யாரு?”
“பிலிப்பைன்ஸ் பொண்ணு. தூங்கிருக்கும்.”
“தட்டு.”
“இந்நேரத்துலயா?”
“தட்டு. இனிமே பெருக்காத.”
“நான் எங்க பெருக்கறேன்?
அஞ்சு நாளா வீட்ட நீதான பெருக்கணும்,
பெருக்குனியா?”

இல்லை.

போனை இடது கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.
எனக்குத் தெரிந்தது கூரை, ஒரு விளக்கு,
இன்னொரு விளக்கு, கதவின் பாதி.
தட்டும் சத்தம். மெதுவாக.
“பலமா தட்டு” என்று நான் கத்தியதில்
பக்கத்து வண்டி கிளீனர் எட்டிப் பார்த்தான்.
கதவு திறந்தது. மஞ்சள் சாக்ஸ் போட்ட கால்கள்.
ஒரு பெண்குரல் என்னவோ கேட்டது.
எப்சிபா அழ ஆரம்பித்தாள்.
அதோடு லைன் போய்விட்டது.

சைக்கிளில் டீக்காரன் வந்தான். பன்னிரண்டு ரூபாய்.
டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்,
ஆடை கட்டிவிட்டது.

நாலரைக்குக் கேட் வாசலில் போட்டோ வந்தது.
முழங்கை வரை வெள்ளைக் கட்டு.
மேசைமேல் தண்ணீர், மாத்திரை அட்டை,
கவிழ்த்து வைத்த ஒரு காகிதம்.

“சீல் நம்பர்?” என்றான் கேட்காரன்.
இறங்கிப் போய்
ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னேன்.