முப்பத்தெட்டாவது பெயர்

நவம்பர் பதினொன்றுக்கு நான்கு நாள் முன்பு,
ஒரு டப்பா கறுப்புச் சாயம், பூனைமீசை போலொரு தூரிகை,
முழங்காலுக்குக் கீழே மடித்துப் போட ஓர் உரச்சாக்கு.
கெர்மோர்வான் ஊராட்சி எனக்குத் தரும் வேலைகளில்
இது ஒன்றுக்குத்தான் அலாரம் இல்லாமல் எழுகிறேன்.
மற்ற நாட்களில் சாக்கடை மூடி,
பள்ளிக்கூடத்துக் கழிப்பறை,
சாலையில் செத்த முள்ளம்பன்றி.

மழை கடல் பக்கமிருந்து வருகிறது.
அதனால் மேற்குப் பக்கத்துப் பெயர்கள்தான் முதலில் வெளுக்கும்.
கெர்னெயிஸ், கெர்னெயிஸ், கெர்னெயிஸ்:
மூவரும் ஒரே வீடு.
அந்த வீட்டு ஜன்னலைப் பாரிஸ்காரர்கள் இப்போது
ஆகஸ்டில் மட்டும் திறக்கிறார்கள்.
ரோபார்ஸின் கடைசி எழுத்துக்குள்
வருஷம் தவறாமல் ஒரு நத்தை குடியேறும்.
அதைத் தூக்கிப் புல்லில் விட்டுவிட்டுத்தான்
அவருக்கு மை வைக்க முடியும்.

மேலிருந்து எண்ணினால் முப்பத்தெட்டாவது,
கொரந்தான் கெசெனெக்.
இவர் சாகவில்லை.

நகரசபை அலமாரியில் எலி கடித்த பதிவேட்டில் இருக்கிறது:
கல் நட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
மறு வருஷம் மார்ச்சில், சந்தை நாளன்று,
வேறு யாருடைய கோட்டையோ போட்டுக்கொண்டு
கொரந்தான் நடந்து வந்தார்.
எங்கே இருந்தார் என்று பதிவேட்டில் இல்லை.
கேட்டார்களா என்பதும் இல்லை.

பெயரைச் செதுக்கி எடுத்துவிடலாம் என்றது சபை.
கொத்தன் கல்லைத் தட்டிப் பார்த்தான்:
விரல்கடை ஆழம் வெட்ட வேண்டும்,
வெட்டினால் கீழேயுள்ள பெயரும் பெயர்ந்து வந்துவிடும்.
கீழே துக்துவால் கெசெனெக். தம்பி.
"எழுத்துக்கு இத்தனை என்று காசு கொடுத்தாகிவிட்டது,
அப்படியே கிடக்கட்டும்" என்றாராம் கொரந்தான்.
தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.
அடுத்த தீர்மானம், வாத்துக்குளத்துக்கு வேலி.

அந்த நவம்பரில் மேயர் வாசிக்க வாசிக்க
ஒவ்வொரு பெயருக்கும் ஊர் பதில் சொன்னது:
பிரான்சுக்காக இறந்தார்.
பிரான்சுக்காக இறந்தார்.
முப்பத்தெட்டில் வாய்கள் அடைத்துக்கொண்டன.
மூன்றாம் வரிசையில் தொப்பியைக் கழற்றி நின்றவர்
இருமிவிட்டு, தானே சொன்னார்:
இறந்தார்.

நாற்பத்துமூன்று நவம்பர்கள் சொன்னார்.
நடுவில் இன்னொரு போர் வந்து கல்லின் பின்பக்கம் ஏழு பேரை எழுதியது,
அப்போதும் சொன்னார்.
கல்யாணம் செய்துகொண்டார், உருளைக்கிழங்கு போட்டார்,
சீட்டாட்டத்தில் ஏமாற்றினார்.
பிறகு உண்மையாகவே இறந்தபோது
எழுத எதுவும் மிச்சம் இல்லை.

அதிலிருந்து முப்பத்தெட்டுக்கு யாரும் பதில் சொல்வதில்லை.
யாரும் முடிவெடுத்ததில்லை, யாரும் சொல்லித் தந்ததுமில்லை.
சின்ன வயதில், மேயருக்குக் கண்ணாடி மங்கிவிட்டதென்று நினைத்திருக்கிறேன்.
ஒரு மூச்சு அளவுக்கு ஊரே சும்மா நிற்கும்,
கோயிலுக்கே போகாத நானும்.
போன வருஷம் தலைமைப் பட்டணத்திலிருந்து வந்த அதிகாரி
பாவம், தெரியாமல்,
அந்த இடத்தில் கணீரென்று "பிரான்சுக்காக இறந்தார்" என்றார்.
இருநூறு பேர் ஒன்றாகத் தொண்டையைச் செருமினோம்.
மேயர் அப்கிரால் அம்மாள் மறுபடி முப்பத்தெட்டிலிருந்து தொடங்கினார்.

இன்று புதன். பிட்சா வண்டி வரும் நாள்.
யானிக் நினைவுக்கல் விளக்கின் பிளக்கைப் பிடுங்கி
அடுப்பைச் செருகிக்கொள்வான்.
சட்டப்படி தப்பு, சபைக்கும் தெரியும்.
வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பார்க்க வேறொன்றும் இல்லாததால்
எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாப் பெயரும் மனப்பாடம்.

கொரந்தானைக் கடைசியில்தான் தீட்டுவேன்.
முடிக்கவும் தூறல் பிடிக்கவும் சரியாக இருந்தது.
"இந்தா, ரோசென்" என்று யானிக் ஓர் அட்டைப்பெட்டி மூடியை எறிந்தான்.
ஈர எழுத்துக்கு மேல் சாய்த்துப் பிடித்தேன்.
காற்று ஒரு முறை அழுத்தியது.

எடுத்துப் பார்த்தால் அட்டையில் அவர் பெயர்,
இடவலம் மாறி,
கல்லுக்குள்ளிருந்து வாசிப்பவருக்குத் தெரிவது போல.

தூக்கிப் போட மனமில்லாமல்
கையில் வைத்துக்கொண்டு நனைந்தேன்.
"ஆலிவ் காய் போடட்டுமா, வேண்டாமா?"
யானிக் இரண்டாம் முறையாகக் கேட்டான்.