முப்பத்தெட்டு கிராம்

கிரென்ஹென், காலை ஏழு மணி.
யூரா மலை இன்னும் மூட்டத்துக்குள்.
கொட்டகைக் கதவைத் தள்ளினால்
ரெசின் வாடைதான் முதலில் வந்து முகத்தில் ஒட்டும்.

இங்கே எல்லாவற்றையும் நிறுப்போம்.
தூரிகையை, கையுறையை,
கிண்ணத்தில் மிஞ்சியதை.
கணக்கு உதைத்தால்
மிச்சம் சிறகில் இருக்கிறது என்று பொருள்.

ரெட்டோ வரைந்த சிறகுக்கு
முதுகு, வயிறு என்ற பேதம் இல்லை.
இரண்டு பக்கமும் ஒரே வளைவு.
மற்ற விமானங்கள் கையை விட்டால்
மெல்லத் தாமாகவே நிமிரப் பார்க்கும்.
இது பார்க்காது.
சாய்த்தால் சாய்ந்தபடி,
கவிழ்த்தால் கவிழ்ந்தபடி,
அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும்.
"நல்ல குணம் எதையும் இதற்குக் கொடுக்கவில்லை"
என்பார், பெருமையாக.

மார்ச்சில் ஒரு சிறகை
ஒடிப்பதற்கென்றே செய்தோம்.
மல்லாக்கப் போட்டு மூட்டை அடுக்கினோம்.
ஆரே பெருகினால் கரையில் போட
தீயணைப்பு நிலையம் வைத்திருக்கும் மணல் மூட்டைகள்,
இரவல்.
பத்து மடங்கு எடையில்
நுனி என் முழங்கால் வரை தாழ்ந்தது.
பதினைந்தில் ஏதோ முனகியது.
பதினெட்டில் மூட்டை தீர்ந்துவிட்டது.
ஒடியாத சிறகுக்கு எல்லோரும் கைதட்ட
ரெட்டோ மட்டும் முகம் சுளித்தார்:
"இவ்வளவு வலுவா? அப்படியானால் கனம் அதிகம்."
மறுநாள் கார்பன் துணியில் இரண்டு அடுக்கு குறைந்தது.

அடுத்த ஏப்ரலில் கொரின் ஏறினாள்.
ஒரு நொடிக்கு ஒரு முழு உருளல்,
அதற்கு மேலும் கொஞ்சம்.
புல் வெட்ட வந்தவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு நின்றார்.
இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றுமுன் சொன்னாள்:
"வலமாக உருட்டி நிறுத்தினால் நிற்கிறது.
இடமாக என்றால்
ஒரு மயிரிழை தாண்டித்தான் நிற்கிறது."

நிறுத்துப் பார்த்தோம்.
(எடை போடுவதற்கும் ஓட்டத்தை அடக்குவதற்கும்
என் மொழியில் ஒரே ஒலி.)
இடது சிறகு முப்பத்தெட்டு கிராம் கூடுதல்.
ஒரு முட்டைகூட இல்லை.

எந்த நாள் என்று எனக்குத் தெரியும்.
நவம்பர் பதினாறு.
பள்ளியிலிருந்து அழைப்பு, மகனுக்குக் காய்ச்சல்.
தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே
நுனிக்கருகில் இரண்டாம் முறை பூசிய இடம்.
குறிப்பேட்டில் ஒருமுறை என்றுதான் இருக்கிறது.

சொன்னேன்.
ரெட்டோ திட்டவில்லை. எங்கே என்றார்.
விரல் வைத்த இடத்தில்
ஐந்து ராப்பன் காசால் தட்டிக் கேட்டார்,
தர்பூசணி வாங்குபவர் மாதிரி.
சுரண்டினால் இழை அறும்.
ஆகவே வலது நுனிக்குள் ஈயம்,
முப்பத்தெட்டு.
இருக்கையின் பஞ்சைக்கூடப் பிய்த்துப் போட்ட மனிதர்
தன் கையாலேயே எடை கூட்டினார்.

ஜூலைப் பந்தயத்தில்
காற்றடைத்த கூம்புகளுக்கு நடுவே
கத்திமுனையில் நின்று நின்று போனாள் கொரின்.
இரண்டாம் இடம்.
நூறில் நான்கு பங்கு நொடி.
யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
எழுபத்தாறு கிராம் எத்தனை நொடி ஆகும் என்று
நான்தான் பயணச்சீட்டின் பின்புறம்
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
வந்த விடையை யாருக்கும் காட்டவில்லை.

இன்று அடுத்த சிறகு.
தூரிகையை நிறுத்தேன், கையுறையை நிறுத்தேன்.
தொலைபேசி அலமாரிக்குள்,
ஒலியை அணைக்காமல்.