ஒன்பதாம் வெள்ளம்

மே மாதம் லாங் பஜாரில் ஸ்வெட்டர் கேட்டேன்.
கடைக்காரர் ஏறிட்டுப் பார்த்து
"ஊட்டிக்கா?" என்றார்.
"இல்லண்ணா, காட்பாடிக்கு."
பரணில் கைவிட்டுத் துழாவி
பாச்சை உருண்டை வாசத்தோடு ஒன்றை உதறிப் போட்டார்.
விலையைக் கறாராகச் சொல்லவில்லை.
பைத்தியத்திடம் யார் பேரம் பேசுவார்?

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
உள்ளே பதினெட்டு.
நடுவில் ஒரு கண்ணாடிக் கதவும்
என் அடையாள அட்டையும்.

மணிக்குத் தொண்ணூறு ரூபாய்,
வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்.
என்னடா வேலை என்று பேரணாம்பட்டிலிருந்து
அப்பா போனில் கேட்டார்.
"பெரிய கம்ப்யூட்டர் முன்னாடி
கணக்கெல்லாம் வரிசையில நிக்கும்பா.
நான் வரிசையப் பாத்துக்கிறேன்."
"ரேஷன் கடை மாதிரி."
"அதேதான்."
யோசித்தால், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு கணக்கு
புரதமொன்றை மடித்து மடித்துப் பார்க்கும்.
ஒன்று, ஷூ அடிப்பாகத்து ரப்பரில்
விரிசல் எங்கே தொடங்குமெனத் தேடும்.
எண்பது கோர் கேட்டு வாங்கி
ஒன்றில் மட்டும் ஓட்டுகிற புண்ணியவான்கள் உண்டு.
அவர்களுக்கு நான் பணிவாக எழுதும் பதிலை
கோதண்டம் சார் இன்னும் பணிவாக்குவார்.

ஹெப்சிபாவுடையது ஆறு.
எட்டு முறை பாதியில் உடைந்து,
பாலாறு_ஒன்பது என்ற பெயரில்
பதினேழாம் நோடு முதல் முப்பத்திரண்டு வரை
நான்கு நாளாக ஓடிக்கொண்டிருந்தது.
வாணியம்பாடியில் ஒரே ராத்திரியில் கொட்டும் மழை
எங்கெங்கே ஏறும், எத்தனை அடி.

தோட்டப்பாளையத்து அறையிலிருந்து
தினமும் பேருந்தில் நான் தாண்டுகிற பாலாற்றில்
சீமைக் கருவேலமும்
லாரி டயர்த் தடமும்தான்.
தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால்
ஷிப்டுக்கு வர வேண்டும்.

ராத்திரி இரண்டு பத்துக்கு ஒரு ஏசி நின்றது.
இன்னொன்று தனியாக இழுத்துப் பார்த்தது.
இருபத்தாறு.
முப்பத்தொன்று.
ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
"பாதியை இறக்கிடு," என்றார் கோதண்டம் சார், தூக்கத்திலிருந்து,
"எது ரொம்ப கனமோ அத."
ஹெப்சிபாவுக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை.
கடைசியாகச் சேமித்தது பத்தொன்பது மணி நேரத்துக்கு முன்.
முப்பத்தாறு.

ஒரு சொல், ஒரு எண், என்டர்.

நிற்காமல் போகும் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி
காட்பாடி ஜங்ஷனைக் கடந்துவிட்ட மாதிரி
விசிறிச் சத்தம் தேய்ந்தது.
பிறகுதான் தெரிந்தது
இத்தனை நாள் எவ்வளவு இரைச்சலுக்குள் உட்கார்ந்திருந்தேன் என்று.

எட்டரைக்கு வந்தாள்.
நான்கு விதமான மன்னிப்பு தயாராக வைத்திருந்தேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
"எதுவரைக்கும் வந்துச்சு?" என்றாள்.
கடைசிக் கோப்பைத் திறந்தோம்.
"பள்ளிகொண்டா தாண்டிருச்சு.
விரிஞ்சிபுரம் தொடல."
நீல நிறத்தின் விளிம்பை
விரல் நகத்தால் தொட்டுப் பார்த்தாள்.
"விரிஞ்சிபுரத்துல எங்கம்மா இருக்காங்க,
நல்லாத் தூங்கட்டும்."
சிரித்தாளா என்று சரியாகத் தெரியவில்லை.

"முன்னாடி ஏத்திவிடட்டுமா?
என் தப்பும் இருக்கு."
"வேணாம். வரிசைன்னா வரிசை."
நூற்றுப் பதினான்காவதாகப் போய் நின்றது
பாலாறு_பத்து.

பணிப்பதிவேட்டில் செய்த வேலைக்கு
ஒரு சின்னக் கட்டம்.
ஆற்றை நிறுத்தினேன் என்று எழுதி
அழித்துவிட்டு
ஏசி பழுது என்று போட்டேன்.
நான்கு மணி, முந்நூற்று அறுபது ரூபாய்.

திரும்பும்போது பாலத்தில் நெரிசல்.
கீழே, மணல் நடுவில்
ஒருவன் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு
போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான்,
கையை வீசி, நிதானமாக.
அவனுக்கு இன்னும் நேரமிருந்தது.