கொஞ்சம் லேட்டா

செம்பூர் ஸ்டேஷனை ஒட்டிய இரண்டாம் மாடி.
ஏசி சொட்டுகிறது, கீழே பிளாஸ்டிக் வாளி.
ஹார்பர் லைன் வண்டி போகும்போதெல்லாம்
பேச்சை நிறுத்திக்கொள்வது இங்கே வழக்கம்.

தவசிக்கனி, நாற்பத்து நான்கு,
வாஷி வெங்காய மண்டியில் கணக்கு.
மூன்று வாரமாகத் தூக்கம் வராததைப் பற்றியே பேசினார்.
இன்று போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு
"இதுகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் மேடம்" என்றார்.

தம்பி அன்றிரவு இரண்டு தடவை அழைத்தது.
பெயரைப் பார்த்தது.
பணம் கேட்பான் என்று சைலண்டில் போட்டது.
மூன்றாவது தடவை
தம்பி நம்பரிலிருந்து ரயில்வே போலீஸ்.

(வண்டிச் சத்தத்துக்குத்தான் நிறுத்துகிறார் என்று
இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.)

"உங்க தப்பில்லன்னு ஏழே செகண்ட்ல சொல்லிடுச்சு.
அழகாத்தான் சொல்லுச்சு, நல்ல தமிழ்ல.
அதுகிட்ட சொல்லும்போது எனக்குக் கூச்சமே வரல.
அதான் பயமாருக்கு."

என் வாயிலும் அதே வாக்கியம் தயாராக இருந்தது.
படித்து வாங்கியது,
இருபது வருடமாகப் பலருக்கும் கொடுத்தது.
எச்சிலோடு விழுங்கினேன்.

"நீங்களும் அதையே சொல்றதா இருந்தா" என்றார்
என் முகத்தைப் பார்க்காமல்,
பிறகு பார்த்து,
"கொஞ்சம் லேட்டா சொல்லுங்க."

பன்வேல் வண்டி போயிற்று.
எதிர்த்திசையில் இன்னொன்று.
அவர் கை நாற்காலியை இறுக்கியது, விட்டது.
வாளி நிரம்பித் தரையில் வழிந்து
என் செருப்புவரை வந்தது.
இருவருமே எழுந்திருக்கவில்லை.